இரண்டு சென்ட் புல்லோடு ஒரு வருடம்

எங்கள் வீட்டு முன்னால் இருக்கும் புல்தரை இரண்டு சென்ட். சதுர அடியில் 871, சதுர மீட்டரில் 81. இந்தக் கணக்கை இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். போன வருடம் கேட்டிருந்தால், "இருக்கும், ஒரு ஏழெட்டு ரூம் அளவு" என்று கையை விரித்திருப்பேன். அதே குத்துமதிப்பில்தான் உரமும் போட்டேன். அதில் ஆரம்பித்த கதை இது.

வீடு கோவை வடவள்ளியில். செம்மண் என்று லாரியில் கொண்டுவந்து கொட்டியதற்குக் கீழே சுண்ணாம்புக்கல் கலந்த மண். தண்ணீர் போர்வெல், குழாய் வாயில் ஒரு மாதத்தில் வெள்ளை கட்டிவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கொடியில் போட்ட துணியை அடுத்த தெருவில் தேடவைக்கும். புல் வேறொன்றுமில்லை, அருகம்புல்தான். நர்சரியில் அதற்கு 'பெர்முடா' என்று பேர் வைத்து, சதுர அடி இவ்வளவு என்று பாயாகச் சுருட்டி விற்றார்கள். வாங்கி விரித்த அன்றைக்கு அம்மா வந்து பார்த்துவிட்டு, "ஏன் கண்ணு, அருகம்புல்லுக்கா காசு குடுத்த?" என்றார். பதில் சொல்லவில்லை.

தப்பான வைத்தியம்

போன வருடம் ஆவணி முடிகிற சமயத்தில் புல்தரையின் நடுவில் மூன்று இடங்களில் பழுப்புத் திட்டுகள். மற்ற இடமெல்லாம் செத்த பச்சை, வெளிறிப்போன நிறம். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: பசி. உரம் போட்டு நாளாகிவிட்டது.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா வீட்டில் யூரியா மூட்டை பிரித்துக் கிடந்தது. ஒரு கேரிபேக்கில் 2 கிலோ கட்டிக்கொண்டு வந்தேன். காலை பத்து மணிக்கு, நல்ல வெயிலில், கோழிக்குத் தீனி வீசுவது போல வீசினேன். தண்ணீர் விட சாயங்காலம் ஆகிவிட்டது, மோட்டார் ஓடவில்லை.

நான்காம் நாள் பச்சை கட்டும் என்று பார்த்தால், கை நிறைய விழுந்த இடமெல்லாம் கருகிக் கோடு கோடாக நின்றது. வீசிய கையின் வீச்சு அப்படியே தரையில் வரைபடமாகத் தெரிந்தது. உரமும் உப்பு மாதிரிதானே. ஈரமில்லாத மண்ணில் அது வேரிலிருந்தும் இலையிலிருந்தும் தண்ணீரை உறிஞ்சிவிடும். யூரியாவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம். 2 கிலோவில் 920 கிராம். இப்போது நான் ஒரு வருடம் முழுக்க நான்கு தவணையில் போடும் ரசாயன உரத்தின் தழைச்சத்தே 820 கிராம்தான். அதைவிட அதிகத்தை அன்று ஒரே காலையில் கொட்டியிருக்கிறேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். அடுத்த வாரம் தழை, மணி, சாம்பல் மூன்று சத்தும் சமமாகக் கலந்த 17:17:17 காம்ப்ளக்ஸ் உரம் ஒரு கிலோ. அதற்கடுத்து "இது இரும்புச்சத்துக் குறைதான்" என்று நானே கண்டுபிடித்து அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைசல். இந்தக் கடைசி வைத்தியம் பாதி சரி. இளம் இலைகள் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புக் குறை. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருக்கும், செடிக்குக் கிடைக்காது. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் எலுமிச்சை உப்பு. பத்து லிட்டர் தெளிப்பானில் கலந்து மாலையில் அடித்தேன். ஐந்தாறு நாளில் மொத்தத் தரையும் கரும்பச்சை கட்டியது. சந்தோஷத்தில் போர்டிகோ ஓரத்தைக் கழுவ மறந்துபோனேன். கரைசல் பட்ட வெள்ளை டைல்ஸ் எல்லாம் துருக்கறை. வீட்டில் அதற்கு வாங்கிய பேச்சை எழுதினால் தனிப் பதிவாகும்.

ஆனால் அந்த மூன்று திட்டுகள்? அப்படியே இருந்தன. இல்லை, பெரிதாகியிருந்தன.

மாதம் இரண்டு தடவை புல் வெட்ட வரும் பெரியவர் ஒருவர் உண்டு. மிஷினை ஓரமாக நிறுத்திவிட்டு, வெகு நேரம் மைனாக்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பத்துப் பன்னிரண்டு மைனா, ஒரு மயில். எல்லாம் அந்தத் திட்டுகளில்தான் கொத்திக் கிளறின. எங்கள் பக்கம் மயில் கோழி மாதிரி திரியும் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரியவர் குனிந்து, பழுப்புப் புல்லைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். கோரைப்பாயைச் சுருட்டுவது போல ஒரு முழம் அகலத்துக்கு உரிந்து வந்தது. அடியில் வேரே இல்லை. மண்ணில் வெள்ளை வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்டு, பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் காலுமாகப் புழுக்கள்.

"தம்பி, புல்லு பசியில காயலீங்க. வாயில்லாம காயுது. வேரத்தான் தின்னுபோட்டுதே, நீங்க எங்கிருந்து சோறு போடுவீங்க?"

வேர்ப்புழு. வெள்ளைப்புழு என்றும் சொல்வார்கள். கரும்பு, நிலக்கடலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த எதிரி. நான் போட்ட யூரியா இதில் எப்படி வேலை செய்திருக்கும் என்று பிற்பாடு யோசித்தேன். தழைச்சத்து இலையைத் தள்ளிவிடும். இலை கூடினால் தண்ணீர்த் தேவை கூடும். உறிஞ்ச வேர் இல்லை. நோயாளிக்கு விருந்து வைத்து நோயை முற்றவைத்த கதை.

சித்தப்பாவைக் கூப்பிட்டால், "குருணை மருந்து வாங்கிப் போட்டுரு, அந்தக் காலத்துல போரேட்டுதான் போடுவோம்" என்றார். போரேட்டுக்கு 2020 இறுதியோடு தடை வந்துவிட்டது. தடை இல்லாவிட்டாலும், பிள்ளைகள் புரளுகிற இடத்தில் அந்த விஷத்தை வைக்க மனம் வராது.

அந்த நேரத்தில் புழுக்கள் முற்றிய பருவம், கட்டைவிரல் பருமன். அந்தப் பருவத்தில் எந்த மருந்துக்கும் லேசில் சாகாது. அதனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, உரிந்த பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, களைக்கொத்தியால் மூன்று அங்குலம் கிளறிக் கையால் பொறுக்கினோம். மொத்தம் நாற்பது சதுர அடி இடத்தில் 312 புழு. என் மகன் எண்ணினான், நான் நம்புகிறேன். சதுர அடிக்கு ஐந்தைத் தாண்டினாலே புல் தாங்காது என்பது பொதுக் கணக்கு. எங்களுக்கு ஏறத்தாழ எட்டு. பொறுக்கியதைச் சோப்புத் தண்ணீர் வாளியில் போட்டோம். மைனாக்கள் கூப்பிடு தூரத்தில் காத்திருந்து, தவறியதை எடுத்துக்கொண்டன.

ஐப்பசி மழை தொடங்குமுன் அந்த இடத்தில் மணலும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து நிரவி, ஓரத்தில் ஓடிக் கிடந்த தண்டுகளைக் கணு கணுவாக வெட்டி நான்கு விரல் இடைவெளியில் ஊன்றிவிட்டேன். அருகு அப்படித்தான், கணு மண்ணில் பட்டால் போதும். காசு கொடுத்துப் பாய் வாங்காமல் இருந்த ஒரே வேலை அது.

மண் பரிசோதனை

தை மாதம் முதல் வேலையாக மண் எடுத்தேன். பத்து இடங்களில் 'வி' மாதிரி குழி வெட்டி, குழியின் சரிவிலிருந்து ஒரு விரல் கனத்துக்குச் சீவி, எல்லாவற்றையும் தாம்பாளத்தில் கொட்டிக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளி, மறுபடி கலந்து, மறுபடி தள்ளி, கடைசியில் அரைக் கிலோ. நிழலில் உலர்த்தி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தேன். உரம் போட்டுச் சில வாரங்களுக்குள் மண் எடுக்கக் கூடாது என்பதால்தான் தை வரை காத்திருந்தது.

முடிவு: பி.எச். 8.3 (ஏழுக்கு மேல் போனால் காரம்). தழைச்சத்து குறைவு. மணிச்சத்து (பாஸ்பரஸ்) நடுத்தரம். சாம்பல்சத்து (பொட்டாசியம்) அதிகம். அதாவது நான் போன வருடம் வாங்கிப் போட்ட காம்ப்ளக்ஸில் மூன்றில் ஒரு பங்கு, ஏற்கெனவே நிறைந்து கிடக்கும் பானையில் ஊற்றியது. கார மண் என்பதால் யூரியாவைவிட அம்மோனியம் சல்பேட் தேவலை என்று முடிவு செய்தேன். அதில் தழைச்சத்து 20.5 சதவீதம்தான், ஆனால் கந்தகம் கூடவே வரும், வேர்ப்பகுதியில் காரத்தைக் கொஞ்சம் தணிக்கும்.

அளவு எப்படி வந்தது என்றால், ஒரு தவணைக்கு ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரை கிராம் தழைச்சத்து. அதற்கு உரமாக 12 கிராம். 81 மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ. ஒரு தவணை, ஒரு கிலோ, முடிந்தது. மறக்கவும் முடியாது.

எப்போது என்பதில்தான் முன்பு நான் தவறியிருந்தேன். சீமைப் புற்களுக்கு எழுதிய அட்டவணையை இணையத்தில் பார்த்து, பனிக்காலத்துக்கு முன்னால் நன்றாகப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அருகு வெயில் புல். மார்கழி, தையில் அது அரைத்தூக்கம். அப்போது போடும் உரம் களைக்குத்தான் போகும். வெயில் ஏறும்போதுதான் அது கண் விழிக்கும். ஆகவே மாசிக் கடைசியில் முதல் தவணை, ஆனித் தூறலில் இரண்டாவது, ஆடிக் கடைசியில் மூன்றாவது, புரட்டாசி முதல் வாரத்தில் கடைசி. ஐப்பசி அடைமழைக்கு முன் தழைச்சத்து கூடாது. கொழுத்த இலை, விடாத ஈரம் இரண்டும் சேர்ந்தால் பூஞ்சணத்துக்குக் கல்யாணச் சாப்பாடு.

மாசியில் முதலில் தரையை இரும்புச் சீப்பால் வாரினேன். இரண்டு சாக்கு காய்ந்த புல் தாள் வந்தது. அதை எடுக்காமல் விட்டால் கரையானுக்கும் ஒதுக்கிடம், தண்ணீரும் கீழே இறங்காது. பிறகு எட்டு கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூள், அதோடு சலித்த மண்புழு உரம். பத்து நாள் கழித்து அம்மோனியம் சல்பேட். உரத்தை நான்கு மடங்கு மணலில் கலந்து, பாதியைக் கிழக்கு மேற்காக, மீதியைத் தெற்கு வடக்காகத் தூவினேன். இலை காய்ந்திருக்கும்போது தூவி, உடனே தண்ணீர். போன வருடக் கோடுகள் இந்தத் தடவை விழவில்லை.

வேப்பமரத்து வண்டு

இந்த வருடத்தில் நான் கற்றதில் எனக்கே பிடித்த பகுதி இதுதான்.

வேர்ப்புழுவுக்கு அம்மா ஒரு பழுப்பு வண்டு. வருடம் முழுக்க மண்ணுக்குள் கிடந்து, கோடையில் முதல் நல்ல மழை பெய்ததும் ஒரே சமயத்தில் வெளியே வரும். இருட்டியதும் பறந்து போய் மரத்தில் இலை தின்று, ஜோடி சேர்ந்து, விடியுமுன் மண்ணுக்குத் திரும்பி முட்டை வைக்கும். அது விரும்பிப் போகும் மரம் எது தெரியுமா? வேம்பு. எந்தப் பூச்சியானாலும் வேப்பெண்ணெய் அடி, வேப்பம் புண்ணாக்குப் போடு என்று சொல்லும் நாம்தான், வாசலில் வேப்பமரத்தை வைத்து இந்த வண்டுக்கு விருந்தும் போடுகிறோம். எங்கள் வாசல் வேம்புக்கும் புல்தரைக்கும் நடுவே இருப்பது ஒரு மதில் மட்டும்.

சித்திரை இரண்டாம் வாரம் இடியோடு ஒரு மழை. அடுத்த நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு டார்ச்சோடு மரத்தடியில் நின்றேன். முதலில் ஒன்றுமில்லை. இருட்டி அரை மணி ஆகியிருக்கும், தலைக்கு மேல் 'ங்' என்று ஒரு சத்தம். கிளையில் டார்ச் அடித்தால் இலைக்கு இலை வண்டு.

விளக்குப்பொறி வைத்துப் பார்த்தேன்: பல்பு, அடியில் மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர்த் தாம்பாளம். ஈசலும் அந்துப்பூச்சியும் தாராளமாக விழுந்தன, வண்டு நாலைந்துதான். அதைவிடப் பழைய வழியே மேல். மரத்தடியில் பழைய வேட்டியை விரித்து, தொரட்டியால் கிளையைப் பிடித்து உலுக்கினால் பொலபொலவென்று கொட்டும். விழுந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் கிடக்கும். அதற்குள் அள்ளி மண்ணெண்ணெய்த் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். முதல் நாள் 140 சொச்சம். ஒன்பது இரவு செய்தோம். கடைசி இரண்டு நாள் பத்துக்குள்தான். தெருவில் போனவர்கள், வேப்பமரத்தை ராத்திரியில் உலுக்கும் குடும்பம் என்று ஒரு மாதிரி பார்த்தார்கள். மூன்றாம் வீட்டுப் பாட்டி, யாருக்காவது அம்மை போட்டிருக்கிறதா, வேப்பிலை பறிக்கிறீர்களா என்று கேட்டே விட்டார்.

எல்லா வண்டும் நம் மரத்துக்கே வரும், எல்லாவற்றையும் பிடித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. தப்பியது முட்டை வைத்திருக்கும். முட்டை பொரிந்து குட்டிப் புழுவாக இருக்கும் ஆனி மாதம்தான் அடுத்த வேலைக்குச் சரியான நேரம்.

பூச்சியைத் தின்னும் நூற்புழு ஒன்று உண்டு. பெயர் ஹெட்டெரோராப்டிடிஸ் இண்டிகா. மண்ணுக்குள் ஊர்ந்து போய் வேர்ப்புழுவின் உடலுக்குள் நுழைந்து, தன் வயிற்றில் வைத்திருக்கும் ஒரு வகைப் பாக்டீரியாவை உள்ளே கக்கிவிடும். புழு இரண்டு மூன்று நாளில் சாகும். இதில் நம் ஊர்ப் பெருமை ஒன்று இருக்கிறது. 1992-ல் இந்த இனம் உலகுக்குப் பெயர் சூட்டி அறிவிக்கப்பட்டது, கோயம்புத்தூரில் கரும்புப் பயிரிலிருந்து எடுத்த மாதிரியை வைத்துத்தான். இப்போது பல நாடுகளில் பயன்படும் நூற்புழுவுக்குச் சொந்த ஊர் என்று பார்த்தால், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

உயிரியல் பூச்சிக்கொல்லி விற்கும் கடையில் பொடியாகக் கிடைத்தது. உயிருள்ள சரக்கு, வெயிலில் வண்டியில் வைத்துச் சுற்றினால் செத்துவிடும். பாக்கெட்டில் உயிர் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? தரையைக் கிளறிக் கிடைத்த நான்கு குட்டிப் புழுக்களை ஈர மண்ணோடு ஒரு ஊறுகாய் டப்பாவில் போட்டு, ஒரு ஸ்பூன் கரைசலை ஊற்றி, மூடியில் துளையிட்டு நிழலில் வைத்தேன். மூன்றாம் நாள் திறந்தால் மூன்று புழு செத்து, செங்கல் நிறத்தில் சிவந்திருந்தன. அந்தப் பாக்டீரியாவின் கையெழுத்து அது. வீட்டில் யாருக்கும் காட்ட முடியாத சந்தோஷம். காட்டவும் செய்தேன், பலனில்லை.

அன்று மாலையே அடித்துவிட்டேன். முதலில் தரையை நன்றாக நனைத்துக்கொண்டு, தெளிப்பான் மூக்கில் இருக்கும் சல்லடையைக் கழற்றிவிட்டு (இல்லாவிட்டால் நூற்புழு அடைபட்டுக்கொள்ளும்), வெயில் முழுக்க இறங்கிய பிறகு தெளித்து, மறுபடி தண்ணீர். வெயில் பட்டால் நூற்புழு தாங்காது. பத்து நாள் தரையை ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டேன். ஆனித் தூறல் பாதி வேலையைச் செய்தது. இரண்டு வாரம் கழித்து, மெட்டாரைசியம் என்னும், புழுவைக் கொல்லும் பூஞ்சணப் பொடி ஒரு கிலோவை இருபது கிலோ மக்கிய எருவில் கலந்து, நிழலில் ஒரு வாரம் ஈரச் சாக்கு மூடி வைத்துத் தூவினேன். இரண்டும் தேவையா என்றால், ஒன்று போதுமாக இருந்திருக்கலாம். போன வருட பயம்.

கோரை

களைகளில் பாதியை அம்மா பார்த்துக்கொள்கிறார். மூக்கிரட்டை பொரியலுக்குப் போகும், புளியாரை துவையலுக்கு, கீழாநெல்லி மோருக்கு. "இதைப் போயி களைன்னு புடுங்கிப் போடறாங்களாமா" என்பது அவர் கருத்து. அம்மான் பச்சரிசியும் நெருஞ்சியும் என் பங்கு. மழைக்கு மறுநாள் வேரோடு வரும். புல்லை ரொம்ப ஒட்ட வெட்டாமல் ஒன்றரை அங்குல உயரத்தில் நிறுத்தியதிலேயே இந்த மாதிரி விதைக்களைகள் நன்றாகக் குறைந்தன. புல் அடர்ந்து நிழல் கட்டினால் விதைக்கு வெளிச்சம் இல்லை.

கோரை அப்படி இல்லை. அது கிழங்கு. நாட்டு மருந்துக் கடையில் முத்தக்காசு என்று விற்பதும் அதே கிழங்குதான். மண்ணுக்கடியில் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும். மேலே இருக்கும் முளை உயிரோடு இருக்கும்வரை மற்றக் கிழங்குகள் உறங்கும். மேலே பிடுங்கினால் அடியில் இருப்பவை விழித்துக்கொள்ளும். நான் இரண்டு வருடம் ஒன்றைப் பிடுங்கி மூன்றை வளர்த்தேன்.

மதில் மூலையில் மூன்றடிக்கு நான்கடி இடம் முழுக்கக் கோரை. அங்கே புல்லைக் கைகழுவிவிட்டு, ஓரடி ஆழம் வெட்டி மண்ணைச் சல்லடையில் சலித்தேன். ஒரு நாள் முழுக்க. இரண்டு படி கிழங்கு. மொட்டை மாடியில் சித்திரை வெயிலில் மூன்று வாரம் காயப்போட்ட பிறகுதான் குப்பையில் போட்டேன். ஈரத்தோடு வீசினால் வீசின இடத்தில் முளைக்கும்.

மற்ற இடத்தில் அப்படித் தோண்டினால் புல்தரையே இருக்காது. வேறு வழியில்லாமல் ரசாயன மருந்துக்குப் போனது இங்கே மட்டும்தான். கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி கோரையோடு அருகையும் கொல்லும். முளைக்குமுன் தெளிக்கும் மருந்துகள் பெரும்பாலும் விதையைத்தான் தடுக்கும், கிழங்கைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. கரும்பில் கோரைக்கென்றே அடிக்கும் ஹாலோசல்ஃபியூரான் அருகைப் பெரிதாகத் தொடாது. ஆனால் அது ஏக்கருக்கு 36 கிராம் பாக்கெட். நூறு சென்ட்டுக்கு 36 என்றால் இரண்டு சென்ட்டுக்கு 0.72 கிராம். ஒன்றிரண்டு சிட்டிகை உப்பு அளவுதான். நகைப் பட்டறை வைத்திருக்கும் நண்பனிடம் தராசு கேட்டேன். "தங்கம் நிறுக்கற தராசுல களைக்கொல்லியா? போயிட்டு வாடா" என்று அனுப்பிவிட்டான். நியாயம்தான். நானூறு ரூபாயில் ஒரு குட்டி டிஜிட்டல் தராசு வாங்கினேன். அதன் மேல் மண்டை ஓடு வரைந்து, கையுறையோடு ஒரு டப்பாவில் பூட்டி வைத்திருக்கிறேன்.

அடித்தது ஆனி நடுவில், கோரை நான்கைந்து இலை விட்டபோது, காற்று படுத்திருந்த ஒரு விடியற்காலையில். அந்த மாதம் அப்படி ஒரு காலை கிடைக்க ஒன்பது நாள் காத்திருந்தேன். ஒரு வாரம் ஒன்றுமே ஆகவில்லை, பணம் போச்சு என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் நுனி மஞ்சளாகி, தண்டு தளர்ந்து, பெரும்பகுதி படுத்துவிட்டது. முழுக்க ஒழியவில்லை. ஆறு வாரம் கழித்து மீந்ததற்கு மட்டும் இன்னொரு தடவை புள்ளி புள்ளியாக அடித்தேன்.

இதில் இரண்டு சிக்கல். ஒன்று, அம்மாவின் கீரை. மருந்து அடித்த பகுதியில் இந்த வருடம் ஒரு இலை பறிக்கக் கூடாது என்று சொல்லி, மூலைக்கு மூலை செங்கல் வைத்து எல்லை போட வேண்டியிருந்தது. ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. இரண்டாவது, பிள்ளையார் சதுர்த்தி. அன்று காலை தெருவே எங்கள் வீட்டுக்கு அருகம்புல் பறிக்க வரும். சிலர் அதில் சாறும் எடுப்பார்கள். அதனால் வேப்பமரத்துப் பக்கம் நாலடி அகலத்துக்கு ஒரு பட்டையை எந்த மருந்தும் படாமல் முதலிலேயே ஒதுக்கிவிட்டேன். அதில் கோரையும் அருகும் கலந்துதான் நிற்கிறது. பிள்ளையார் ஒன்றும் சொல்லவில்லை.

புரட்டாசி, ஐப்பசி

புரட்டாசியில் ஒரு காலை மைனாக் கூட்டத்தைப் பார்த்ததும் அடிவயிறு கலங்கிவிட்டது. கொத்திய இடத்தில் இழுத்துப் பார்த்தேன், புல் உரியவில்லை, வேர் கெட்டியாக இருந்தது. ஆனால் இலை நுனியெல்லாம் கடித்த மாதிரி. நான்கு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து ஒரு கெஜச் சதுரத்தில் ஊற்றினேன். ஐந்து நிமிடத்தில் பதினெட்டுப் பச்சைப் புழுக்கள் நெளிந்துகொண்டு மேலே வந்தன. படைப்புழு. பகலில் தாளுக்கடியில் ஒளிந்திருந்து இரவில் மேய்கிற வகை. அரைக் கிலோ வேப்பங்கொட்டையை இடித்துத் துணியில் கட்டி ராத்திரி ஊறப்போட்டு, பத்து லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பு சேர்த்து மாலையில் அடித்தேன். ஐந்து நாள் கழித்து இன்னொரு தடவை. மைனாக்கள் மற்றதைப் பார்த்துக்கொண்டன. அவற்றை விரட்டாமல் இருந்ததுதான் அந்த வாரம் நான் செய்த உருப்படியான வேலை.

ஐப்பசியில் தழைச்சத்து கிடையாது. பூஞ்சணத்தை அடக்கும் சூடோமோனாஸ் பாக்டீரியாப் பொடி மட்டும் லிட்டருக்கு 10 கிராம், மழை விட்ட இரண்டு மாலைகளில். ரூபாய் நாணய அளவில் இரண்டு மூன்று வெளிறிய புள்ளிகள் வந்தன, பரவவில்லை. சாயங்காலம் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டுக் காலையில் மட்டும் விட்டதும் காரணமாக இருக்கலாம்.

போன ஞாயிறு கணக்குப் பார்த்தோம். ஆறு இடத்தில், ஓரடிக்கு ஓரடி, மூன்று பக்கம் கத்தியால் கீறி மடித்துத் திறந்து, அடி மண்ணைக் கிளறி எண்ணி, மறுபடி மூடித் தண்ணீர் ஊற்றினோம். வேர்ப்புழு: 0, 1, 0, 2, 1, 0. இரண்டு கிடைத்தது மதிலோரம், வேப்பமரத்துக்கு நேர் கீழே. பெரியவரும் வந்திருந்தார். போன வருடம் உரிந்த அதே நடு இடத்தில் புல்லைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். இலைதான் கையில் வந்தது.

"இப்பப் போடுங்க உரம்," என்றார்.

மாசி வரைக்கும் கிடையாது என்று சொன்னேன்.

மதில் மூலையில் சலித்த இடத்தில் நேற்று ஏழு கோரை முளை எண்ணினேன். போர்டிகோவில் துருக்கறை அப்படியே இருக்கிறது. எலுமிச்சை உப்பு போட்டுத் தேய்த்ததில் ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறது. யார் வந்தாலும் மனைவி முதலில் அதைத்தான் காட்டுகிறாள், புல்லை அப்புறம்.